மூளை ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைகளையும் மேற்கோள் கணக்கையும் படிப்பது எப்படி: தென்னாப்பிரிக்காவில் ஆய்வுக்கு வருவோருக்கு ஒரு வழிகாட்டி

டர்பனிலோ கேப்டவுனிலோ அறிதல்சார் நரம்பறிவியலில் (நினைவு, கவனம், சிந்தனை ஆகியவை மூளையில் எப்படி நிகழ்கின்றன என்று ஆராயும் துறையில்) முதுகலை அல்லது முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்க நினைக்கும் மாணவர், நெறியாளராக யாரை அணுகலாம் என்று தேடும்போது முதலில் கண்ணில் படுவது ஆய்வாளரின் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் எண்கள்தான். மொத்த மேற்கோள்கள் (அதாவது பிறர் தம் கட்டுரைகளில் இவர் கட்டுரைகளைச் சுட்டியவை) இத்தனை, எச்-குறியீடு (பின்னால் விளக்குகிறேன்) இவ்வளவு என்று கூகுள் ஸ்காலர் என்ற தேடல் தளம் காட்டுகிறது. பெரிய எண்ணைப் பார்த்ததும் பெரிய ஆய்வாளர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். டர்பனின் செட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வளர்ந்து பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும், தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆய்வுக்காக இங்கு வந்து சேருவோருக்கும் இந்த எண்களை எப்படிப் படிப்பது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன். எண்களைப் பாருங்கள், ஆனால் அந்த எண் எந்தக் கட்டுரையிலிருந்து வந்தது, அதில் இவருடைய பங்கு என்ன, மற்றவர்கள் எதற்காக அதை மேற்கோள் காட்டினார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும் வரை முடிவெடுக்காதீர்கள்.

ஆள் இவர்தானா?

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் சமூகத்தில் தாண்டவே கூடாத படி இது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்தது முதல், ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களின் பெயர்கள் பதிவேடுகளில் ஆங்கிலத்தில் எப்படி எழுதப்பட்டனவோ அப்படியே குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. நாயுடு, கோவேந்தர், பிள்ளை, மூட்லி, செட்டி, படையாச்சி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெயர்களுக்குள் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். ஆய்விதழ்களோ பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டு 'எஸ். நாயுடு' என்று அச்சிட்டுவிடும். அந்தப் பெயரைத் தேடினால் நினைவாற்றல் ஆய்வும் கரும்புப் பூச்சி ஆய்வும் பல் மருத்துவமும் ஒரே பட்டியலில் வந்து நிற்கலாம். மறுபுறம், பிள்ளை என்பதை ஒரு கட்டுரையில் ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், ஒரே ஆளின் உழைப்பு இரண்டு ஆட்களுடையதாகப் பிரிந்து கிடக்கும். திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளர்களுக்கு இந்த இழப்பு இன்னும் அதிகம்.

இதற்கு நல்ல மருந்து ஓர்சிட் எண். 2012இல் தொடங்கப்பட்ட இந்த முறையில் ஒவ்வோர் ஆய்வாளருக்கும் பதினாறு இலக்க அடையாளம் ஒன்று இலவசமாகத் தரப்படுகிறது. பல்கலைக்கழகப் பக்கத்திலோ கட்டுரையின் முதல் பக்கத்திலோ அந்த எண் இருக்கும். அதை வைத்துத் தேடினால், அவர் தம்முடையவை என்று இணைத்துள்ள கட்டுரைகள் கிடைக்கும். எல்லோரும் அதை ஒழுங்காகப் புதுப்பிப்பதில்லை என்பதால், பணியாற்றிய நிறுவனத்தின் பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே நிறுவனப் பெயர்களும் மாறியிருக்கின்றன: டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் நட்டால் பல்கலைக்கழகமும் 2004இல் இணைந்துதான் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் ஆயிற்று, ராண்ட் ஆஃப்ரிகான்ஸ் பல்கலைக்கழகம் இன்று ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிறது. மூத்த பேராசிரியர் ஒருவரின் பழைய கட்டுரைகளைத் தேடுவோர் அந்தப் பழைய பெயர்களிலும் தேட வேண்டும்.

எங்கே தேடுவது

மூன்று இடங்களில் தேடி ஒப்பிட்டுப் பாருங்கள். கூகுள் ஸ்காலர் இலவசமானது. நூல், ஆய்வேடு, மாநாட்டுத் தாள், சக ஆய்வாளர்கள் படித்து மதிப்பிடும் முன்பே வெளியிடப்படும் முன்னச்சு என்று எல்லாவற்றையும் எண்ணுவதால் அதன் எண் பெரும்பாலும் மற்றவற்றைவிடப் பெரியதாகவே இருக்கும். அந்தப் பக்கத்தை நிர்வகிப்பவர் ஆய்வாளரே. பிறருடைய கட்டுரை தவறுதலாக அதில் சேர்ந்திருந்தாலும் அவர் கவனித்து நீக்கும்வரை அங்கேயே இருக்கும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் ஆகிய இரண்டும் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களையும் நூல்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் மட்டும் எண்ணுகின்றன. இவற்றை முழுமையாகப் பயன்படுத்தச் சந்தா வேண்டும் என்பதால் பல்கலைக்கழக நூலகக் கணக்கு வழியாக நுழைய வேண்டியிருக்கும். மருத்துவம், மூளை சார்ந்த கட்டுரைகளுக்குப் பப்மெட் தளமும் கைகொடுக்கும். ஒரே ஆளுக்கு மூன்று தளங்களும் மூன்று எண்களைக் காட்டும். அதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை, எங்கிருந்து எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்று எழுதிவைத்துக்கொண்டால் போதும். ஒருவரின் ஸ்காலர் எண்ணை இன்னொருவரின் ஸ்கோபஸ் எண்ணோடு ஒப்பிடுவது மட்டும் கூடவே கூடாது.

எண்களைக் கையால் ஒருமுறை கணக்கிடுங்கள்

எச்-குறியீட்டை 2005இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின்படி இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். வரிசை எண்ணைவிட மேற்கோள் எண் குறையாமல் இருக்கும் கடைசி இடம்தான் எச்-குறியீடு. ஓர் ஆய்வாளரின் ஏழு கட்டுரைகளுக்கு 90, 41, 17, 9, 6, 5, 2 என்று மேற்கோள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு ஆறு மேற்கோள்கள் உள்ளன, ஆறாவதற்கு ஐந்துதான். ஆகவே எச்-குறியீடு 5. இன்னொருவருக்கு 400, 12, 3, 3, 2 என்று இருந்தால் மொத்தம் 420 ஆகிறது. முதலாமவரின் மொத்தமோ 170தான். ஆனாலும் இரண்டாமவரின் எச்-குறியீடு வெறும் 3. நானூறு மேற்கோள் பெற்ற அந்த ஒரே கட்டுரை ஒரு துறையையே திருப்பிப் போட்டதாக இருக்கலாம். இந்தக் குறியீட்டுக்கு அது தெரியாது. கூகுள் ஸ்காலர் காட்டும் ஐ10 என்பது பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை. முதலாமவருக்கு அது 3, இரண்டாமவருக்கு 2.

இவற்றில் வயது பெரிய பங்கு வகிக்கிறது. எச்-குறியீடு ஏறுமே தவிர இறங்காது; பணியை நிறுத்திவிட்டவருக்கும் ஏறிக்கொண்டே இருக்கும். இருபது ஆண்டு உழைத்தவருக்கு இருபது இருந்தால் நல்ல ஆய்வாளர் என்று ஹிர்ஷ் சொன்ன அளவுகோல் இயற்பியலாளர்களுக்கானது. அதை மூளை ஆய்வாளர் மேல் வைத்துப் பார்ப்பது பொருந்தாது. துறையையும் ஆண்டையும் சரிக்கட்டித் தரும் அளவீடுகள் உள்ளன: ஸ்கோபஸ் தரும் துறைவாரி மேற்கோள் விகிதத்தில் 1 என்பது உலகச் சராசரி; அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ஐசைட் என்ற இலவசத் தளம் தரும் விகிதத்தில், அந்நிறுவன நிதியில் நடந்த ஆய்வுக் கட்டுரைகளின் இடைநிலை 1 என்று வைக்கப்பட்டிருக்கிறது. இளம் ஆய்வாளர் ஒருவரை மதிப்பிடும்போது இவற்றையே நான் முதலில் பார்ப்பேன்.

ஆய்விதழின் தாக்கக் காரணியைக் கட்டுரையின் தரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது இதழ் முழுவதற்குமான மேற்கோள் சராசரி. அந்தச் சராசரியைச் சில கட்டுரைகளே தூக்கி நிறுத்துகின்றன. இதைத் தனிமனித மதிப்பீட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் வரைந்த அறிக்கையில் பின்னர் ஏராளமானோர் கையெழுத்திட்டார்கள்.

பெயர் எந்த இடத்தில் நிற்கிறது

இனிக் கட்டுரைப் பட்டியலுக்குள் இறங்குங்கள். இந்தத் துறையின் வழக்கப்படி முதலில் நிற்கும் பெயர் பெரும்பாலும் ஆய்வைச் செய்து எழுதியவருடையது. கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நடுவில் இருப்பவரின் பங்கு பெரிதாகவும் இருக்கலாம், தரவு கொடுத்ததோடு முடிந்தும் இருக்கலாம். எனிக்மா போன்ற கூட்டமைப்புகள் பல நாட்டு மூளைப் படங்களை ஒன்றுதிரட்டி ஆய்வு செய்கின்றன. கேப்டவுன், ஸ்டெல்லன்போஷ் ஆய்வாளர்களும் அதில் இருக்கிறார்கள். அத்தகைய கட்டுரையில் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கக்கூடும். கட்டுரைக்கு வரும் ஒவ்வொரு மேற்கோளும் அத்தனை பேர் கணக்கிலும் முழுதாக ஏறும். அந்தப் பணி மதிப்புமிக்கதுதான். ஆனால் ஒருவரின் உச்சத்து ஐந்து கட்டுரைகளும் இப்படிப்பட்டவையாக இருந்தால், அவர் தாமே எழுப்பிய கேள்வி எது என்று தேடிப் பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. பல இதழ்களில் கட்டுரையின் முடிவில் யார் என்ன செய்தார் என்ற பங்களிப்புக் குறிப்பு இருக்கும். பலரும் படிக்காமல் விடும் அந்த நாலைந்து வரிகளை நீங்கள் படியுங்கள்.

கட்டுரையின் வகையையும் குறித்துக்கொள்ளுங்கள். புள்ளியியல் முறையோ மென்பொருளோ தந்த கட்டுரைகளும், ஒரு துறையின் நிலையைத் தொகுத்துச் சொல்லும் மீள்நோக்குக் கட்டுரைகளும் பரிசோதனைக் கட்டுரைகளைவிடப் பல மடங்கு மேற்கோள் பெறுவது இயல்பு. கார்ல் ஃபிரிஸ்டன் உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் நரம்பறிவியலாளர்களில் ஒருவராக இருப்பதற்கு, மூளைப் படங்களைப் பகுத்தாய உலகெங்கும் பயன்படும் எஸ்பிஎம் என்ற மென்பொருளை அவர் உருவாக்கியது ஒரு முக்கியக் காரணம்.

இந்தத் துறைக்கே உரிய சோதனைகள்

மேற்கோள் எண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அறிதல்சார் நரம்பறிவியலில் ஒரு கட்டுரையைத் திறந்ததும் எத்தனை பேரை வைத்து ஆய்வு நடந்தது என்று பாருங்கள். 2013இல் கேத்தரின் பட்டன் முதலானோர் நேச்சர் ரிவ்யூஸ் நியூரோசயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, நரம்பறிவியல் ஆய்வுகளின் புள்ளியியல் திறனின் இடைநிலை சுமார் 21 விழுக்காடுதான். அதாவது உண்மையாகவே ஒரு விளைவு இருந்தாலும் ஐந்தில் ஒரு முறைதான் அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்குச் சிறிய ஆய்வுகளே மிகுதி. 2022இல் நேச்சர் இதழில் ஸ்காட் மாரெக் குழுவினர், மூளையின் அமைப்புக்கும் மனிதருக்கு மனிதர் வேறுபடும் அறிவுத்திறன் போன்ற பண்புகளுக்கும் உள்ள தொடர்பை நம்பத்தக்க வகையில் காட்ட ஆயிரக்கணக்கானோர் தேவை என்று காட்டினார்கள். ஆகவே இருபத்தைந்து பேரின் மூளைப் படத்தை வைத்து ஆளுமையை விளக்கும் கட்டுரை ஆயிரம் மேற்கோள் பெற்றிருந்தாலும் தயங்கித்தான் படிக்க வேண்டும். அதற்காகச் சிறிய எண்ணிக்கை எல்லாமே பயனற்றது என்று எண்ணிவிடவும் கூடாது. வில்லியம் ஸ்கோவில், பிரெண்டா மில்னர் ஆகியோர் 1957இல் எழுதிய கட்டுரையின் மையம் எச்.எம். என்ற ஒரே நோயாளி. மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் அறுவை செய்யப்பட்ட பின் அவரால் புதிய நினைவுகளைச் சேர்க்க முடியாமல் போனது. நினைவாற்றல் பற்றிய அறிவு அந்தக் கட்டுரைக்குப் பின் மாறியது. இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். கேள்வியும் முறையும் பொருந்தியிருக்கின்றனவா என்பதே சோதனை.

அடுத்து, பகுப்பாய்வு. எழுபது குழுக்களுக்கு ஒரே மூளைப்படத் தரவைக் கொடுத்து ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்ன ஆய்வு 2020இல் நேச்சரில் வந்தது. எந்த இரு குழுக்களின் வழிமுறையும் ஒன்றாக இருக்கவில்லை, முடிவுகளும் பல இடங்களில் வேறுபட்டன. எனவே ஆய்வாளர் தம் தரவையும் நிரலையும் பொதுவெளியில் வைத்திருக்கிறாரா, ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்திருக்கிறாரா, அந்த முடிவை வேறொரு ஆய்வகம் மறுபடி பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். மாணவராகப் போய்ச் சேரப்போகும் உங்களுக்கு, திறந்த தரவு வைத்திருக்கும் ஆய்வகத்தில் வேலை கற்றுக்கொள்வதும் எளிது.

யார், ஏன் மேற்கோள் காட்டினார்கள்

கட்டுரையின் கீழே 'மேற்கோள் காட்டியவை' என்ற இணைப்பைத் திறந்து, ஒரு பத்துக் கட்டுரைகளையாவது எடுத்து, மேற்கோள் வரும் வாக்கியத்தைத் தேடிப் படியுங்கள். அறிமுகப் பத்தியில் நாலோடு ஐந்தாகப் பெயர் சொல்லி நகர்ந்திருக்கிறார்களா, அந்த முறையைப் பின்பற்றியே தம் ஆய்வைச் செய்திருக்கிறார்களா, அல்லது மறுத்திருக்கிறார்களா என்று மூன்று கட்டங்களில் குறித்துக்கொண்டால் அரை நாளில் ஒரு தெளிவு பிறக்கும். 2016இல் ஆண்டர்ஸ் எக்லண்ட் முதலானோர், மூளை இயங்கும்போதே அதைப் படமெடுக்கும் செயல்சார் எம்ஆர்ஐக்கான மென்பொருள்களில் வழக்கமாகப் பயன்பட்ட ஒரு புள்ளியியல் முறை சில நிலைகளில் பொய்யான முடிவுகளை 70 விழுக்காடு வரை தரக்கூடும் என்று காட்டினார்கள். அதன்பின் அந்த முறையைப் பயன்படுத்திய பழைய கட்டுரைகள் எச்சரிக்கைக்கு எடுத்துக்காட்டாகவும் மேற்கோளாயின. எண்ணும் எந்திரத்துக்குப் பாராட்டும் கண்டனமும் ஒன்றுதான். ஆய்வாளர் தம்மையும் தம் குழுவையுமே எவ்வளவு மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார் என்பதை ஸ்கோபஸில் தற்கோள்களை நீக்கிப் பார்த்து அறியலாம். கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்பதையும் இதழின் சொந்தப் பக்கத்துக்கே போய்ப் பார்த்துவிடுங்கள்.

மேற்கோளே இல்லாத கட்டுரையை என்ன செய்வது? ஜோகன்னஸ்பர்க்கில் 1924இல் பிறந்த ஆலன் கோர்மக், கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தபோது, 1956இல் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதிநேரமாகக் கதிரியக்கப் பணியைக் கவனித்துக்கொண்டார். உடலின் பல்வேறு திசுக்கள் எக்ஸ் கதிரை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதை, வெளியே பல கோணங்களில் எடுத்த அளவீடுகளிலிருந்தே கணித்துவிட முடியுமா என்ற கேள்வி அங்கேதான் அவருக்கு எழுந்தது. அமெரிக்கா போன பின், 1963இலும் 1964இலும் ஜர்னல் ஆஃப் அப்ளைடு ஃபிசிக்ஸ் இதழில் அதற்கான கணித வழியை வெளியிட்டார். எவரும் அவ்வளவாகத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டுரைப் படி கேட்டு வந்த கடிதங்களில் அவர் மிகச் சுவையானதாகக் குறிப்பிட்டது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு நிலையத்திலிருந்து வந்ததை. பின்னர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்ட் தனியாக வடிவமைத்த சி.டி. ஸ்கேன் கருவியால் 1971இல் உயிருள்ள நோயாளியின் மூளையை வெட்டுமுகமாகப் பார்க்க முடிந்தது. 1979இல் மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1965இல் யாராவது மேற்கோளை மட்டும் எண்ணி கோர்மக்கை மதிப்பிட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துப் பார்க்கிறேன்.

இந்த நாட்டில் நடக்கும் பல ஆய்வுகளுக்கும் இது பொருந்தும். கருவிலிருக்கும்போதே மதுவின் பாதிப்புக்குள்ளான மேற்குக் கேப் மாகாணக் குழந்தைகளின் கற்றல் திறன், எச்ஐவி மூளையில் ஏற்படுத்தும் மாற்றம், வெள்ளையரிடமும் ஆங்கிலம் பேசுவோரிடமும் அளந்து வகுத்த நினைவாற்றல் சோதனைகளை இசிசூலு மொழி பேசும் குழந்தையிடம் அப்படியே வைக்கலாமா என்ற கேள்வி ஆகியவை இங்குள்ள மருத்துவமனைகளில் அன்றாடத் தேவைகள். ஒரு மருத்துவ உளவியலாளர் அந்தக் கட்டுரையைப் பார்த்துத் தம் மதிப்பீட்டை மாற்றிக்கொண்டால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. உள்ளூர் ஆய்விதழ்களில் வந்தவற்றை சயெலோ தென்னாப்பிரிக்கா தளத்திலும், ஆஃப்ரிக்கன் ஜர்னல்ஸ் ஆன்லைன் தளத்திலும் தேடிப் பாருங்கள். ஸ்கோபஸ் எண்ணில் வராத உழைப்பு பல அங்கே இருக்கும். நூல்களாக எழுதுவோருக்கும் இதே குறை உண்டு. கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் மார்க் சோம்ஸ், கனவும் ரெம் உறக்கமும் (கண்கள் வேகமாக அசையும் உறக்க நிலையும்) வெவ்வேறு மூளை இயக்கங்களால் ஆளப்படுபவை என்று 2000இல் பிஹேவியரல் அண்ட் பிரெயின் சயன்சஸ் இதழில் எழுதியது பெரிய விவாதத்தை எழுப்பியது. ஆனால் அவருடைய பணியின் கணிசமான பகுதி நூல்களில் இருக்கிறது. ஆய்விதழ்க் கணக்கை மட்டும் பார்ப்பவர் அதைத் தவறவிடுவார்.

இங்குள்ள இரண்டு முத்திரைகள்

தேசிய ஆய்வு அறக்கட்டளை ஆய்வாளர்களுக்கு ஏ, பி, சி என்று தரம் வழங்குகிறது. இளையோருக்கு இவற்றுக்கு வெளியே தனி வகைகள் உண்டு. இது கடந்த எட்டு ஆண்டுப் பணியைச் சக ஆய்வாளர்கள் படித்துச் சொல்லும் கருத்தின் அடிப்படையில் அமைவது என்பதால், வெறும் மேற்கோள் எண்ணைவிட நான் இதையே அதிகம் மதிக்கிறேன். விண்ணப்பித்தவர்களுக்கே இது கிடைக்கும். தரம் இல்லாதவர் தகுதியற்றவர் என்று பொருளாகாது.

மற்றொன்று உயர்கல்வித் துறையின் மானியம். அங்கீகரிக்கப்பட்ட இதழில் வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் அலகு என்று கணக்கிட்டு, அதை ஆசிரியர்களுக்கிடையே பங்கிட்டு, பல்கலைக்கழகத்துக்கு அரசு பணம் தருகிறது. அந்தக் கட்டுரையை நூறு பேர் மேற்கோள் காட்டினாலும் ஒருவரும் காட்டாவிட்டாலும் அலகு அதேதான். எனவே நீண்ட கட்டுரைப் பட்டியலைக் கண்டதும் மயங்கிவிடாமல், ஒரே தரவு நாலு துண்டாக்கப்பட்டு நாலு கட்டுரையாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

நெறியாளரைத் தேடுபவருக்குக் கடைசிப் படி

பல்கலைக்கழகங்கள் தம் மாணவர்களின் ஆய்வேடுகளை இணையக் களஞ்சியங்களில் இலவசமாக வைத்திருக்கின்றன. குவாசூலு-நட்டாலில் அதற்கு ரிசர்ச்ஸ்பேஸ் என்று பெயர். அங்கே நெறியாளரின் பெயரைப் போட்டு, அவரிடம் பயின்றவர்களின் ஆய்வேடுகளை எடுங்கள். பிறகு அதே மாணவர்களின் பெயரை ஸ்காலரில் தேடுங்கள். ஆய்வேடு கட்டுரையாக வெளிவந்ததா, வந்திருந்தால் மாணவர் பெயர் முதலில் நிற்கிறதா, எத்தனை ஆண்டில் முடித்தார் என்ற விவரங்கள் எச்-குறியீட்டைவிட உங்கள் வருங்காலத்துக்கு நெருக்கமானவை. முடிந்தால் அவர்களில் ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள்; பெரும்பாலோர் மனமுவந்து பதில் சொல்வார்கள்.

அதன்பின் பேராசிரியருக்கு எழுதும் கடிதத்தில் அவருடைய மேற்கோள் எண்ணைப் புகழ்ந்து ஒரு வரியும் வேண்டாம். நீங்கள் முழுதாகப் படித்த ஒரு கட்டுரையின் பெயரையும், அதன் முறையில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியையும், அதைத் தொடர்ந்து நீங்கள் செய்ய விரும்புவதையும் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். கட்டுரை பணம் கட்டித்தான் படிக்கும் நிலையில் இருந்தால், அதன் படியைத் தந்துதவுமாறு அவரிடமே முதல் கடிதத்தில் கேட்டுக்கொள்ளலாம்.